பிடி என்றால் விடு

குணசுந்தரி ஒரே ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டாள். அதனால் வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, ஊரிகத்துச் சமுதாயக் கூடத்தில், இருபது பேருக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சாகப் பார்த்தாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. தெரியாத கழுதை நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது.

என் பெயர் லவினா. ஸ்கெலட்டனில், கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் குடியாத்தம் பக்கத்திலிருந்து துரையைக் கட்டிக்கொண்டு அவள் இங்கே வந்து இறங்கியபோது எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, இருபது. வந்த மறுநாளே குழாயடியில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அன்றைக்குப் போட்ட சண்டையில் ஆரம்பித்த சிநேகம் இது.

துரை என்பது பெயரில் மட்டும்தான். அவருடைய தாத்தா வெள்ளைக்காரத் துரையிடம் எடுபிடி வேலை பார்த்தவர். நம் வீட்டிலும் ஒரு துரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று பேரனுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார். பேரன் பதினெட்டு வருடம் சுரங்கத்துக் கேஜில் ஏறிக் கீழே போய் வந்தார். சுரங்கத்தை மூடியபிறகு ஊரில் பாதிப்பேரைப் போல அவரும் பெங்களூர் ரயிலைப் பிடித்தார். ஏதோ ஒரு அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி வேலை. திரும்பி வரும்போது பங்காருப்பேட்டையில் இருந்து போன் பண்ணுவார். "தாண்டியாச்சு" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இவள் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது எனக்குச் சிரிப்பாக இருக்கும். என் வீட்டுக்காரர் வந்து நின்றால்கூட நான் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டேன்.

அவள் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் 'யோவ்'. சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கணக்கு வைத்ததில், மாதத்துக்கு இரண்டு 'யோவ்'தான் தேறும்.

பிறகு அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நெஞ்சில் சுரங்கத் தூசி என்றார் டாக்டர். எங்கள் ஊரில் அதை விளக்கிச் சொல்லவேண்டியது இல்லை. முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, அப்புறம் பிளாட்பாரத்தில் நடக்க முடியவில்லை, அப்புறம் கட்டிலோடு சரி. இரண்டு வருடம். குணா வாசல் பக்கத்தில் மிஷினைப் போட்டுச் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருப்பாள். காது மட்டும் உள்ளே இருக்கும். உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்துவாள். இழுத்த மூச்சு வெளியே வருகிற வரைக்கும் கால் நிற்கும். வந்ததும் மறுபடி மிதிப்பாள். அந்த இரண்டு வருடம் அவள் அடித்த ஃபால்ஸ் எல்லாம் விட்டு விட்டுத்தான் ஓடியிருக்கும்.

போன மாசியில் அவர் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து மகள் ராதிகா பெங்களூருக்குத் திரும்பியபிறகு குணாவுக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. மூச்சு பாதியோடு நின்றுவிடுகிறது என்றாள். கோலார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், எல்லாம் பார்த்துவிட்டு, "நுரையீரல் சுத்தமாக இருக்கிறது அம்மா, பிரஷர்தான் ஏறிக் கிடக்கிறது, மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்யுங்கள்" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. பஸ்ஸில் வரும்போது, "அவருக்கு மட்டும் அவ்ளோ தூசி, எனுக்கு ஒண்ணியும் இல்லியாமே" என்றாள். ஏதோ அவரைத் தனியாக விட்டுவிட்டு இவள் மட்டும் நன்றாக இருந்துவிட்ட மாதிரி.

யோகா தினத்துக்கென்று ஆரம்பித்த இலவச வகுப்பு ஊரிகத்தில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். எங்கள் சர்ச் சபையில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நம்ம பிள்ளைகளுக்கு யோகா ஆகுமா என்றார்கள். முட்டிவலி எந்த மதம் என்று கேட்டேன், போய்விட்டார்கள். சூரிய நமஸ்காரம் வரும்போது சூரியனைப் படைத்தவருக்கு ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டு நான் குனிந்துவிடுவேன். நிமிர்வதுதான் கஷ்டம்.

மாஸ்டர் பெயர் நாகேஷ். நாற்பது வயது இருக்கும். கோலாரிலிருந்து பைக்கில் வருவார். கன்னடக்காரர், எங்களுக்காக நடுநடுவே தமிழும் போட்டுக்கொள்வார். "கை மேலே, கால் நேரா, வயிறு உள்ளே" என்று அவர் பேசும் தமிழ் புதுச்செருப்பு போட்டவர் நடை மாதிரி இருக்கும். ஆனால் மூச்சு என்று வந்துவிட்டால் சுத்தக் கன்னடம்தான். "உசிரு தகொள்ளி... உசிரு பிடி." இதையே பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்வார். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. நமக்கோ உசுரு என்றால் உயிர். தகொள்ளி என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு, கூடத்தின் மூலையில் படுத்திருந்த ராஜப்பா, "காலங்காத்தால கொள்ளி எடுக்க சொல்றாரு மாஸ்டரு" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ராஜப்பாவும் சுரங்கத்தில் கீழே வேலை பார்த்தவர்தான். படுக்கச் சொன்ன ஐந்தாவது நிமிஷம் குறட்டை விடுவார்.

கடைசிக் கால்மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். மூச்சு வருவதையும் போவதையும் வேடிக்கை பார்க்கவேண்டும், நினைப்பு வந்தால் வரட்டும், அதன் பின்னாலேயே போகாதீர்கள் என்பார் மாஸ்டர். எனக்கு அரைத்து வைத்த மாவு, ஹெட்மாஸ்டர், முதுகில் ஊரும் எறும்பு எல்லாம் வரிசையாக வரும். நான் எல்லாவற்றின் பின்னாலும் போவேன். குணா மட்டும் அசையமாட்டாள். ஒருநாள் ஓரக்கண்ணால் பார்த்தேன். மாசிக்கு அப்புறம் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

"இன்னாமே, அங்க படுத்துகினு இன்னா நினைச்சுக்குவே?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"ஒண்ணியும் நினைக்கமாட்டேன். அவர் கட்டிலாண்ட உக்காந்துகினு கீற மாதிரியே கீது" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சபையில் என்னைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரிடமும் போய் இதைச் சொன்னேன். ஒரு விதவையின் மனதை நான்தான் தேற்றிவிட்டேன் என்கிற தோரணையோடு ஆடி முழுக்கத் திரிந்தேன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று தூசியை வாரி வந்து கொட்டிய நாளில்கூட அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை.

ஆனால் குழாயடியில் தலைசுற்றி உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே வீங்கியது. ரத்தம் இல்லை என்று நான் பீட்ரூட் வாங்கிக் கொடுத்தேன். ஆவணியில் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, குறையவேண்டியது ஏறியிருக்கிறதே, இப்படியே போனால் ஒருநாள் எங்கேயாவது விழுந்துவிடுவீர்கள் என்று அவளைத் திட்டினார். வீட்டிலும் அந்த மூச்சுப் பயிற்சியைச் செய், இன்னும் நன்றாகச் செய் என்று நான் சொன்னேன். சொன்னேனே, கழுதை என்று.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. கூடத்தின் ஷீட் கூரைமேல் மழை. மாஸ்டர் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "உசிரு தகொள்ளி... உசிரு பிடி..." மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ என் தோளில் ஏதோ வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் குணாவின் கை. உதடு கறுத்து, கண் செருகிக் கிடந்தாள்.

தண்ணீர் தெளித்து, கன்னத்தில் தட்டி, ராஜப்பா துண்டால் விசிறி, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் அவள் முன்னால் மண்டிபோட்டு, "உசிரு பிட்லில்வா அம்மா?" என்று கேட்டார். மூச்சை விடவில்லையா என்று.

குணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதான மாஸ்டர் புடி புடின்னீங்க? நீங்க புடிக்க சொன்ன ஒடனே புடிச்சிகினுதான் கீறேன். நாலு மாசமா புடிச்சிகினுதான் கீறேன்" என்றாள்.

கூடத்தில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எங்கேயோ ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் பல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அடியே, அது நம்ம புடி இல்லமே" என்றேன். "பீடின்றோமே, அந்த ப. கன்னடத்துல அந்த பிடின்னா வுடுங்கன்னு அர்த்தம். கடைக்காரன் போனா போவுது வுடுங்கம்மான்றதுக்கு ஹோக்லி பிடி அம்மான்னு சொல்லமாட்டான்?"

அவளுக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருடமாக மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவள், அந்த 'பிடி'யை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். நின்றுகொண்டு, கையில் பையோடு கேட்டால் அது கன்னடம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்டால் தமிழ் ஆகிவிட்டது. மாஸ்டர் எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழ் பேசுகிறார், அதுதான் புடியைப் பிடி என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் சிரிக்கவில்லை. "வுட சொன்னாரா?" என்றாள். மாஸ்டரைப் பார்த்து, "வுடத்தான் சொன்னீங்களா?" என்றாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சுவரைத் தட்டினால், "வர்றேன் வர்றேன்" என்பாள், வரமாட்டாள். மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பிலும் என்னிடம் வந்து, தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா என்று கேட்டார். நல்ல மனிதர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. துரையின் கட்டிலில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மார்பு நிறைய இழுத்து வைத்திருந்தாள், அசைவே இல்லை. நான் வாசலில் நின்றபடி மனதுக்குள் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். ஆமென் என்று முடித்த பிறகும் அவள் மூச்சை விடவில்லை.

உள்ளே பாய்ந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். "இன்னா பண்ற நீ? அர்த்தம் தெரிஞ்சப்புறமும் இன்னா பண்ற? டாக்டர் சொன்னது காதுல ஏறலியா? சாவறதுனா சொல்லிட்டு சாவு, பொண்ணு ஒருத்தி கீறா உனுக்கு!"

புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. கூடவே அழுகையும் வந்தது. காரியத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"புடிச்சிருந்தாத்தான் லவினா அவர் கீறாரு" என்றாள். "வுட்டா கட்டில் காலியா கீது."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். நான் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்தும் அறியாதது அது.

"அன்னிக்கு காலைல ஒம்போது மணிக்கே அவருக்கு இழுப்பு மாறிடுச்சு. எனுக்கு தெரிஞ்சுபோச்சு. ராதிகாவுக்கு போன் பண்ணேன். அவ மத்தியான ரயிலுதான்மா கீதுன்னா. நான் இவர் காதாண்ட போயி, உசுர கெட்டியா புடிச்சிக்கோங்க, பொண்ணு வர்றா, வுட்றாதீங்கன்னு சொன்னேன். புடிச்சாரு. எப்டி புடிச்சாருன்ற! நரம்பு எல்லாம் பொடச்சிகினு, கட்டில் சட்டத்த புடிச்சிகினு. மூணு மணிக்கு ராதிகா வந்துட்டா. கால புடிச்சிகினு அழுதா. அவர் அவள பாத்தாரு. அப்புறம் என்ன பாத்தாரு. போதுமான்னு கேக்கறாருமே. எனுக்கு புரியுது. புரிஞ்சும், இன்னும் கொஞ்சம் புடிச்சிக்கோங்கன்னு சொன்னேன். எதுக்கு சொன்னேன்? மருந்தா வரப்போவுது? சும்மா, எனுக்கு வேணும்னு சொன்னேன். அதுக்கும் சரின்னு இன்னும் ரெண்டு மணி நேரம் புடிச்சாரு."

மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"ராதிகா காலைலர்ந்து பட்டினி. ரசம் சூடு பண்ணலாம்னு உள்ள போனேன். பத்து அடி கூட இல்ல. அடுப்பு பத்த வெச்சேன், அம்மான்னு கூப்புட்டா. அவ்ளோதான். என் எதிர்ல வுடமாட்டேன்னு இருந்தாரு லவினா. நான் புடின்னு சொன்னவ இல்ல? நான் அந்தாண்ட போனாத்தான் அவரால வுட முடிஞ்சுது. அந்த கடைசி மூச்சு வெளிய வந்தத நான் பாக்கல. ரெண்டு வருசமா ஒவ்வொரு மூச்சும் வெளிய வர்ற வரைக்கும் காத்துகினு இருந்தவ, அத்த மட்டும் பாக்கல. மாஸ்டர் பிடின்னப்போ, சரி, காத்துகினு இருன்றாருன்னு நினைச்சுகினேன். புடிச்சிகினு உக்காந்தா அவருது இப்ப வரும், இப்ப வரும்னு கீது. அந்த நேரத்துல அவர் சாவல."

துரைமேல்கூட எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு மனிதன் பொண்டாட்டி பேச்சைக் கேட்கலாமா? பிறகு அழுகை வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

"குணா" என்றேன் கடைசியில். "உனுக்காக அவர் புடிச்சிகினு இருந்தாரு. இப்ப அவருக்காக நீ புடிச்சிகினு கீற. இப்டியே ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் புடிச்சிகினு இருந்தா எப்டிமே?"

கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மாஸ்டருக்கு மட்டும் போன் பண்ணி, இந்த மாதிரி, அந்த வார்த்தை அவளுக்கு ஆகவில்லை என்று சுருக்கமாகச் சொன்னேன்.

புதன்கிழமை காலை நான் பாயோடு வெளியே வந்தபோது அவளும் பாயோடு நின்றிருந்தாள். சேர்ந்தே நடந்தோம். மழை விட்டு, பாதை எல்லாம் சேறு. கூடத்தில் அவளைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். அவள் தன் வழக்கமான இடத்தில் பாயை விரித்தாள். நான் பக்கத்தில் விரித்தேன். அன்றைக்கு நான் கண்ணை மூடப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மாஸ்டர் தயாராகத்தான் வந்திருந்தார். வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார் போலிருக்கிறது. எல்லோரும் படுத்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில், "மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எடுத்தோம். "மூச்சு விடு..." என்று அவர் தொடங்கும்போதே குணா கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், நீங்க கன்னடத்துலயே சொல்லுங்க" என்றாள். "தமிழ்ல நான் சொல்லிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"உசிரு தகொள்ளி" என்றார். கூடம் முழுக்க மூச்சை இழுத்தது. குணாவும் இழுத்தாள். அவள் மார்பு மேலே ஏறி நின்றது. கை இரண்டும் பாயின் ஓரத்தைப் பற்றியிருந்தன. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"உசிரு பிடி" என்றார்.

அவள் விடவில்லை. மற்றவர்கள் விட்டார்கள். மாஸ்டர் அடுத்ததைச் சொல்லாமல் காத்திருந்தார். என் வாயில் ஜெபம் வரவில்லை, 'குணா குணா' என்றுதான் வந்தது. அவள் கழுத்து நரம்பு துடித்தது. பிறகு, கண்ணை மூடியபடியே, முனகலாகக்கூட இல்லாமல், வீட்டில் பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"போதுங்க. வுட்டுடுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். மாஸ்டருக்குப் பதில் இன்று குணாக்கா சொல்கிறாள்போல என்று, மிச்சம் மீதி இருந்த மூச்சையும் எல்லோரும் ஒன்றாக விட்டார்கள். ராஜப்பா எல்லோரையும்விடச் சத்தமாக விட்டார். அந்த 'ங்க' மரியாதை யாருக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் மார்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு ஆளுக்குள் அவ்வளவு காற்று இருக்குமா என்று நான் பயந்துபோனேன். பாயின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. அப்புறம் அவள் மார்பு அசையாமல் கிடந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து, என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"போயிட்டாரு லவினா" என்றாள். "பாத்துட்டேன்."

மாஸ்டர் அடுத்த மூச்சுக்குச் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டாள்.